எப்காட்டில் டைனோசர் சவாரி எங்கே போயிற்று?

பழைய கையேட்டில் பார்த்த டைனோசர் சவாரியை இப்போது எங்கே காணலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘யுனிவர்ஸ் ஆஃப் எனர்ஜி’ என்ற அந்தச் சவாரி 2017 ஆகஸ்ட் 13 அன்று நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டதால், ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவான எப்காட்டின் இப்போதைய வரைபடத்தில் அதைத் தேடிப் பயனில்லை. கட்டடம் மட்டும் இருக்கிறது; 2022 மே மாதம் திறக்கப்பட்ட ‘காஸ்மிக் ரிவைண்ட்’ ரோலர் கோஸ்டருக்கான வரிசை அதன் வழியாகத்தான் செல்கிறது.

புரவலராக இருந்த எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2004இல் விலகிய பிறகு, முக்கால் மணி நேரம் நீளும் எரிசக்திப் பாடத்தைப் புதுப்பிக்கச் செலவிட யாரும் முன்வராததே பழைய சவாரி மூடப்பட்டதற்குக் காரணமாக இருக்கலாம்.

அதற்குப் பதிலாகப் புதிய ரோலர் கோஸ்டரில் மகளை ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் அவளுடைய உயரத்தை அளந்து பாருங்கள். 107 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அனுமதி இல்லை. உயரம் போதுமானாலும், பெட்டிகள் சுழன்றுகொண்டே பின்னோக்கியும் பாய்வதால், பேருந்திலேயே குமட்டும் பிள்ளை என்றால் தவிர்த்துவிடுங்கள்.

கற்பிக்கும் சவாரிதான் வேண்டுமென்றால், ‘லிவிங் வித் த லேண்ட்’ படகில் ஏறுங்கள். பசுமைக்குடில்களுக்குள்ளேயே படகு செல்லும். அங்கே விளையும் காய்கறிகள் பூங்கா உணவகங்களுக்கும் போகின்றன. பராமரிப்புக்காக அதையும் அவ்வப்போது மூடுவதுண்டு என்பதால், கிளம்பும் முன் பூங்காவின் செயலியில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.