நாகர்கோவில் வீட்டு ஏசி டக்டுக்கு மிஷின் கிளீனிங் தேவையா?

கேள்வி: நாகர்கோவிலில் வீடு கட்டி நாலு வருஷம் ஆகிறது. ஹாலுக்கும் இரண்டு பெட்ரூமுக்கும் டக்ட் ஏசி, அதாவது சீலிங்குக்கு மேலே போகும் டக்ட் என்கிற குழாய் வழியாகக் குளிர்காற்று வருகிற வகை. காற்று வரும் கிரில்லைச் சுற்றி சீலிங்கில் கறுப்பாகப் படிகிறது. ஏசி போட்டதும் முதல் ஐந்து நிமிஷம் ஊசின வாடை. பையனுக்குக் காலையில் தும்மல். டக்ட் முழுவதையும் மிஷின் வைத்துச் சுத்தம் செய்ய 22,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ஏசி மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு கிரில்லைக் கழற்றுங்கள். போனில் டார்ச்சைப் போட்டுக் கையை உள்ளே நீட்டி வீடியோ எடுங்கள். அந்த ஒரு நிமிஷ வீடியோவில் பாதி பதில் இருக்கிறது.

நான் சவூதியில், தம்மாமில் ஒன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அதில் நாலு வருஷம் டக்ட் கிளீனிங் கேங்கில். மணல் காற்று ஒரு தடவை அடித்து ஓய்ந்தால் எங்களுக்கு இரண்டு வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. வில்லாவில் கிரில்லைக் கழற்றினால் சலித்த மாவு மாதிரி மண் கொட்டும். பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி, வாக்கம் போட்டு இழுத்தால் தகரம் பளபளவென்று வந்துவிடும். காய்ந்த மண், ஒட்டாது. ஊருக்கு வந்தபிறகுதான் இங்கே கதையே வேறு என்று புரிந்தது. நம் மாவட்டத்து டக்டுக்குள் மண் குறைவு. இருக்கிற கொஞ்சம் தூசியும் ஈரத்தில் ஊறி, பசை போல ஒட்டிக்கொண்டு, அதன்மேல் பூசணம் பிடித்திருக்கும்.

காரணம் சாதாரணம். ஏசியிலிருந்து டக்டுக்குள் போகிற காற்று 13, 14 டிகிரியில் இருக்கும். நம் கடலோரக் காற்றோ, மழைக்காலத்தில் 24 டிகிரிக்கு இறங்கினாலே வேர்க்கத் தொடங்கிவிடும். ஐஸ் வெள்ளம் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகக் கோர்க்கிறதே, அதேதான். டக்டைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் ஒரு இடத்தில் கிழிந்திருந்தால் போதும், அங்கே நாள் முழுக்கச் சொட்டும். பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் ஜூன் மழை ஒன்று, ஐப்பசி மழை இன்னொன்று. இரண்டையும் வாங்குகிற ஊர் நம்முடையது. நனைந்தது ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூசணம் வந்துவிடும். இங்கே எங்கே காய?

என் மச்சினன் கதையைச் சொல்கிறேன். கத்தாரில் இருந்து சம்பாதித்து மார்த்தாண்டம் பக்கம் வீடு வைத்தான். அங்கே முதலாளி வில்லாவில் பார்த்த மாதிரியே டக்ட் ஏசி வேண்டும் என்று ஒற்றைக்கால். மாடி அறைக்கு மேலே இரும்புச் சட்டம் போட்டு ஓடு, அடியில் ஜிப்சம் சீலிங், நடுவில் டக்ட். மூன்றாம் வருஷம் வாடை. நெட்டில் பார்த்து ஒரு டீமைக் கூப்பிட்டிருக்கிறான். வந்தார்கள், ஒவ்வொரு கிரில்லிலும் வீட்டு வாக்கம் மாதிரி ஒன்றை வைத்து உறிஞ்சினார்கள், கடைசியில் எலுமிச்சை வாசனை ஸ்பிரே ஒன்றை உள்ளே அடித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் பில். பத்து நாள் வீடு முழுக்க எலுமிச்சை. பதினோராவது நாள் எலுமிச்சையும் பூசணமும் கலந்து ஒரு வாடை.

"அத்தான், ஒண்ணு வந்து பாருங்க, வீட்டுல படுக்க முடியல்ல" என்று போன். போனேன். சீலிங்கில் இரண்டு பலகையை இறக்கிப் பார்த்தால், இன்சுலேஷன் ஜாயின்ட் டேப் வெயிலில் காய்ந்து பிரிந்து தொங்குகிறது. உள்ளே இன்சுலேஷனாக வைத்த கிளாஸ் வூல் என்கிற கண்ணாடிப் பஞ்சைப் பிழிந்தால் வெள்ளம் வருகிறது. பிரெஷ் ஏர் எடுக்கும் பைப்பின் வாயில் கம்பிவலையே இல்லை. அதற்குள் அணில் தேங்காய் நாரும் பஞ்சும் கொண்டுபோய் அருமையாக ஒரு கூடு கட்டியிருக்கிறது. குஞ்சு பொரித்துப் போன பழைய கூடு. மாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம கொத்தன் இவ்வளவு நேர்த்தியா கெட்டல்லியே" என்றார்கள்.

அந்த வீட்டில் செய்ததைச் சொன்னால் உங்களுக்கும் உதவும். நனைந்த கிளாஸ் வூலைச் சுத்தம் செய்ய முயற்சிக்கவே இல்லை. அது ஊறிப் பூசணம் பிடித்துவிட்டால் சுத்தமாகாது, கழற்றி வெளியே போட வேண்டியதுதான். பாம்பு மாதிரி வளைகிற பிளெக்சிபிள் டக்ட் இரண்டையும் புதிதாக மாற்றினோம். அதற்குள் பிரஷ்ஷை விட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய தோல் கிழிந்துவிடும். தகர டக்டை மட்டும் முறைப்படி சுத்தம் செய்து, புது இன்சுலேஷன் சுற்றி, பைப் வாயில் வலை அடித்தோம். அப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இதுவரை போன் வரவில்லை.

முறைப்படி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் வருகிறவர்களை எடைபோடலாம். ஏசி யூனிட்டை ஒட்டி டக்டில் ஒரு வாய் வெட்டுவார்கள். அதில் பெரிய உறிஞ்சும் மிஷினை மாட்டி, மற்ற கிரில் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். டக்ட் முழுவதும் உள்நோக்கி இழுக்கிற நிலையில் இருக்கும்போது, தூரத்துக் கிரில்லில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பிரஷ்ஷோ, காற்றடித்தால் சாட்டை மாதிரி துள்ளுகிற குழாயோ விட்டு அழுக்கைக் கிளப்புவார்கள். கிளம்பினது வீட்டுக்குள் வராமல் மிஷினுக்குள் போகும். மிஷின் வீட்டுக்குள்ளேயே நின்றால் அதன் வெளிவாயில் நுண்தூசியையும் பிடிக்கிற ஹெபா பில்டர் இருக்க வேண்டும். வெட்டிய வாயைத் தகரம் வைத்து மூடி, சீல் செய்து, இன்சுலேஷனை முன்போலவே சுற்றிவிட்டுப் போக வேண்டும். காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில், அதைத் தள்ளும் புளோயர், சொட்டுவதைப் பிடிக்கும் டிரெயின் டிரே மூன்றையும் தொடாமல் டக்டை மட்டும் துடைத்தால், குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொள்கிற கதை. மூன்று ரூம் வீட்டுக்கு இரண்டு ஆள் வந்தாலும் அரை நாள் ஆகும். முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை இது.

அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு 1989 முதல் தனிச் சங்கமே இருக்கிறது. அவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வார்கள், அது அவர்கள் பிழைப்பு. அதே நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, டக்ட் கிளீனிங்கால் உடல்நலக் கேடு தடுக்கப்படுவதாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்கிறது. வருஷா வருஷம் செய்யச் சொல்லவில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியும் பூசணம், எலி பூச்சி குடியிருப்பு, கிரில் வழியாக அறைக்குள் தூசி கொட்டும் அளவுக்கு அடைப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் யோசி என்கிறது. மச்சினன் வீட்டில் மூன்றில் இரண்டு இருந்தது. உங்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த வீடியோ.

இனி உங்கள் மூன்று புகாருக்கு வருகிறேன்.

கிரில்லைச் சுற்றிக் கறுப்பு: இதைக் காட்டித்தான் பாதி கம்பெனிகள் வேலை பிடிக்கின்றன. பெரும்பாலும் அது டக்ட் அழுக்கே கிடையாது. கிரில்லிலிருந்து வேகமாக வெளியேறும் காற்று, பக்கத்தில் இருக்கும் அறைக் காற்றையும் சேர்த்து இழுத்துச் சீலிங்கில் உரசிக்கொண்டு போகும். கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி, மெழுகுவர்த்திக் கரி எல்லாம் அங்கே வரி வரியாகப் படியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கொசுவர்த்தியை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். கறுப்பு கிரில்லின் உட்பக்கத்திலும் திட்டுத் திட்டாக இருந்தால் மட்டும் பூசணம் என்று சந்தேகப்படுங்கள்.

ஊசின வாடை: முதல் ஐந்து நிமிஷம் அடித்து அப்புறம் போய்விடுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் காயில் மேலும் டிரெயின் டிரே மேலும்தான். டிரெயின் பைப்பில் பாசி அடைத்து, டிரேயில் வெள்ளம் தேங்கிக் கிடக்கும். உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதை மட்டும் கழுவச் சொல்லுங்கள். 22,000 எல்லாம் ஆகாது. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் அணைக்குமுன் இருபது நிமிஷம் பேன் மட்டும் ஓடட்டும், கூலிங் காயிலின் ஈரம் காய்ந்துவிடும். இன்னொன்று, அறைக்குத் தேவைக்கு மேல் டன் போட்டிருந்தால் அறை சட்டென்று குளிர்ந்து கம்பிரசர் நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரம் அப்படியே கிடக்கும். நம் ஊரில் "ஒரு டன் கூடவே இருக்கட்டும்" என்று வாங்குகிற பழக்கம் உண்டு. குளிர்கிறது, ஆனால் உடம்பு பிசுபிசுக்கிறது என்றால் அதுதான்.

பையன் தும்மல்: டாக்டரிடம் காட்டுங்கள், இதில் நான் பெரிய ஆள் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். தூசிப்பூச்சி என்கிற கண்ணுக்குத் தெரியாத ஜந்து வசிப்பது மெத்தையிலும் தலையணையிலும். நாம் உதிர்க்கும் தோல்தான் அதற்குச் சாப்பாடு, ஈரக்காற்று அதற்கு உயிர். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். டக்டைத் துடைத்துவிட்டு அதே தலையணையில் படுக்கவைத்தால் தும்மல் எப்படிப் போகும்?

கிரில்லுக்குள் நிஜமாகவே பூசணமோ கூடோ தெரிந்தால் கம்பெனியைக் கூப்பிடுங்கள். போனிலேயே கேளுங்கள்: வாய் வெட்டுவீர்களா, எங்கே? காயிலும் புளோயரும் சேர்த்தா? முன்பும் பின்பும் உள்ளே கேமரா விட்டு என் கண்முன்னே காட்டுவீர்களா? ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "மருந்து அடிச்சிருவோம் சார், வராது" என்று பதில் வந்தால் வைத்துவிடுங்கள்.

வீடியோ எடுத்தால் கீழே கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இன்சுலேஷன் வேலை இருந்தால் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். மழை தொடங்கியபின் சீலிங்கைத் திறந்தால் டேப் ஒட்டாது.