சாப்பாட்டுச் செலவு இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 29. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் கதையை நண்பர்களோடு சேர்ந்து முழுநீளப் படமாக எடுத்து வருகிறேன். மொத்தம் 15 பேர். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. கேமரா சோனி ஏ7 எஸ் 3. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. இதுவரை 22 ஞாயிறு முடிந்திருக்கிறது. 1,40,000 ரூபாய் ஆகியிருக்கிறது. சாப்பாட்டுச் செலவு இல்லை, அம்மா வீட்டிலேயே செய்து கொடுத்துவிடுகிறார். இப்போது நண்பர்கள் ஏதாவது காரணம் சொல்லிக் கழன்றுகொள்கிறார்கள். கதாநாயகிக்கு வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால் மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரும் என்று தோன்றுகிறது. சத்யஜித் ராயே மனைவியின் நகையை அடகு வைத்துத்தானே படம் எடுத்தார்? குடும்பமா, லட்சியமா என்று தெரியாமல் குழம்பி நிற்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, குடும்பமா லட்சியமா என்று கேட்டு எனக்கு மாதத்துக்கு நான்கு கடிதமாவது வருகிறது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "சாப்பாட்டுச் செலவு இல்லை" என்று போகிறபோக்கில் எழுதிய வரி.

இல்லையா?

15 பேர், 22 ஞாயிறு. 330 சாப்பாடு. ஒரு சாப்பாடு 80 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 26,400 ரூபாய் வருகிறது. இது மதியத்துக்கு மட்டும். காலையில் வீட்டிலிருந்து இட்லி போகவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். கணக்கெழுதிச் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள். அலுவலகத்தில் ஒரு செலவுத் தலைப்பையே விழுங்கிவிட்டு ஐந்தொகை போட்டால் தணிக்கைக்கு வருகிறவர் விடுவாரா?

அந்த அரிசியும் பருப்பும் எண்ணெயும் சிலிண்டரும் யார் காசு? நீங்கள் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன். அப்பா உங்களோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார், மளிகைக்கடைப் பாக்கியைக் கட்டுவதை நிறுத்தவில்லை. உங்கள் படத்துக்கு ஒரு தயாரிப்பாளர் இருக்கிறார் தம்பி, உங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கேமரா என்ன மாடல் என்று மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன வயது, முழங்கால் வலி உண்டா, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை.

என் அண்ணன் நாடகக் குழு நடத்தியவர். ஒத்திகை எங்கள் வீட்டு மாடியில்தான். பன்னிரண்டு பேர், சில நாள் பதினைந்து பேர். அம்மா இருட்டோடு எழுந்து பெரிய சருவத்தை அடுப்பில் ஏற்றிவிடுவார். சோறு வடிக்கும்போது அதைத் தனியாளாகச் சாய்க்க முடியாது. கரித்துணியைச் சுற்றி நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் என் பிடி நழுவிக் கஞ்சி கொட்டியதில் அம்மாவின் இடது மணிக்கட்டு வெந்துபோனது. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. நாடகம் அரங்கேறிய அன்று அண்ணன் மைக் செட் கொடுத்தவர்வரைக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். அம்மா அப்போது மண்டபத்துப் பின்பக்கத்தில் இட்லிப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நாடகத்தை அவர் ஒருதடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. அண்ணனைக் கேட்டிருந்தால் "அம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம்" என்றிருப்பார். நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். சந்தோஷமாகத்தான் செய்வார், இருக்கட்டுமே. அதற்காகக் கணக்கில் ஏற்றக்கூடாது என்று யார் சொன்னது?

ராயைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நல்லது, முழுக்கதையையும் பார்ப்போம். அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது உண்மை. ஆனால் 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது அவர் விளம்பர நிறுவன வேலையில் இருந்தார், உங்களைப்போல விடுமுறை நாளில்தான் படம் பிடித்தார். காஷ் என்கிற நாணல் பூ பூத்துக் கிடந்த வயலில் ஒரு ஞாயிறு எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போனால், மாடுகள் மேய்ந்து பூவையெல்லாம் தின்றுவிட்டிருந்தன. மறுவருஷம் பூக்கும்வரை காத்திருந்தார். படம் வெளியே வந்தது 1955இல். காசு தீர்ந்து நின்றபோது மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. தலைப்பில் பாதை என்று இருந்ததால் அந்தப் பணத்தைச் சாலை மேம்பாட்டுச் செலவாக எழுதினார்கள் என்பார்கள். ஓர் அரசாங்கம் தப்பான தலைப்பிலாவது எழுதிவைத்தது, நீங்கள் அதுகூடச் செய்யவில்லை.

ஆகவே வேலையை விடாதீர்கள். நீங்கள் வேலையை விட்டால் அந்த வீட்டில் மளிகைக்கு இன்னும் கொஞ்சம் கடன் ஏறும், வேறொன்றும் நடக்காது. உங்கள் ஊரைப்போலவே விசைத்தறி ஊரான மகாராஷ்டிரத்து மாலேகாவில் வெள்ளிக்கிழமை தறி ஓடாது. தறிக்காரர்கள் அன்றைக்கு உள்ளூரிலேயே எடுத்த படத்தில் நடித்தார்கள், சைக்கிளை டிராலியாக்கிக் கேமராவை நகர்த்தினார்கள், சனிக்கிழமை மறுபடி தறிக்குப் போனார்கள்.

வீட்டு ஆளை வேலை வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அஸ்ஸாமில் ரீமா தாஸ் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்தைத் தன் சொந்த ஊரான சாய்கானில் ஊர்ப் பிள்ளைகளை வைத்து எடுத்தார். எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸ். 2018இல் தேசிய விருது அறிவித்தபோது சிறந்த படம் என்பதோடு, படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்கான விருது மல்லிகாவின் பெயருக்கே வந்தது. 'குடும்பத்தார் உதவி' என்று மொத்தமாக ஒரு மூட்டை கட்டியிருந்தால் அது வந்திருக்குமா? உங்கள் படத்தின் கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடுமே, அதில் அம்மா எங்கே வருவார்? டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் 'என் அன்பு அம்மா' என்றா? அவருடைய முழுப்பெயரைப் போடுங்கள், உணவுத் தயாரிப்பு என்று வேலையையும் போடுங்கள்.

நண்பர்கள் கழன்றுகொள்வதற்கும் இதுவேதான் காரணம் என்பது என் எண்ணம். கேமரா நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கல்யாண வீடியோக்காரருக்கு அது அறுவடை நாள். அப்படி எத்தனை நாளை உங்களுக்காக விட்டார்? எண்ணியிருக்கமாட்டீர்கள், அதுவும் உங்கள் 'செலவில்லை' வரிசையில்தான் கிடக்கும். ஒரு நோட்டுப் போடுங்கள். யார் எத்தனை ஞாயிறு வந்தார், கேமரா எத்தனை நாள் ஓடியது, எத்தனை சாப்பாடு, என்ன விலை என்று எழுதுங்கள். பணம் வந்தால் முதலில் சாப்பாடும் கேமராவும், மிச்சத்தை வந்த நாள் கணக்கில் பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், ஆளுக்கொரு நகல் கொடுங்கள். படம் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமல் போகலாம், அநேகமாகப் போகும். அப்போதும் நோட்டு இருக்கட்டும்.

கதாநாயகி விஷயத்தில் எனக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படுவது நியாயம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், இன்னும் எத்தனை ஞாயிறு வேண்டும் என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் காட்சிகளை முதலில் முடியுங்கள்.

கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேஸா என்ற திரைப்படக் குழுவின் நண்பர்களும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் நன்கொடை வாங்கி 1986இல் ஒரு படம் எடுத்தார்கள். 'அம்மா அறியான்' என்று பெயர். அம்மா தெரிந்துகொள்வதற்காக என்று அர்த்தம். உங்கள் அம்மா இதுவரை உங்கள் படத்தில் ஒரு காட்சியாவது பார்த்திருக்கிறாரா?

அடுத்த ஞாயிறு படப்பிடிப்பு வேண்டாம். வருகிற நண்பர்களோடு சேர்ந்து உங்கள் வீட்டில் நீங்களே சமையுங்கள், காசு உங்கள் சம்பளத்தில். குழம்பு உப்புக் கரிக்கும், பரவாயில்லை. சாப்பிட்டு முடித்ததும் எடுத்தவரைக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போட்டுக் காட்டுங்கள். அப்பா எழுந்து வெளியே போனால் போகட்டும், அவர் காதில் விழுகிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வையுங்கள். தறிக்காரர் பெண்டாட்டி தூக்குச்சட்டியை அப்படியா பிடிப்பாள் என்று அம்மா கேட்பார். நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.