இரத்தத்தில் இருக்கும் புற்றுநோய்ப் புரதத்தை மின்சாரம் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

சீனி வருத்தக்காரர் விரலில் குத்திப் பார்க்கிற சின்ன மெசின் இருக்கிறதே, அதுவும் மின்வேதி முறைதான், அதாவது இரத்தத்தில் உள்ள ஒரு பொருளை மின்னோட்டமாக மாற்றி அளப்பது. புற்றுநோய்க்கு, பிஎஸ்ஏ (ஆண்களின் புரஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம்) போன்ற ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியைத் தங்க மின்வாயில், அதாவது மின்னோட்டம் போய்வரும் தங்க முனையில், ஒட்டி வைப்பார்கள். புரதம் வந்து ஒட்டியதும் மேற்பரப்பு அடைபட்டு, கரைசலிலிருந்து மின்வாய்க்குப் போகும் இலத்திரன்கள் குறையும், அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறார்கள்.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். மீன் தெரியாது, ஆனால் வலையில் பட்டதும் மிதப்பு ஆடும். இங்கே மின்னோட்டம்தான் அந்த மிதப்பு. தேடுவதோ மிகச் சொற்பம்: பிஎஸ்ஏ ஒரு மில்லிலீற்றரில் 4 நனோகிராமைத் தாண்டினாலே பொதுவாக மேலும் சோதிப்பார்கள்.

அப்புறம், பிஎஸ்ஏ அளவு கூடினால் புற்றுநோய்தான் என்று பலர் பயந்துவிடுகிறார்கள்; புரஸ்டேட் சுரப்பி வீங்கினாலும் கிருமி தொற்றினாலும் அது கூடும், உறுதிசெய்வது திசுப் பரிசோதனைதான்.