சுதை வேலையும் சிட்டி ஹால் தூணும்

அக்கா வணக்கம். மாமல்லபுரம் சிற்பக்கல்லூரியில படிச்சவன் நான். கோயில் திருப்பணிக்கு சுதை வேலைக்காரனா சிங்கப்பூர் வந்து இது ரெண்டாவது தடவை. ஒரு பெரியவர் தன்னோட வீட்டுத் தோட்டத்துக்கு யானை ஒண்ணு செஞ்சு தர முடியுமான்னு கேட்டார், நல்ல காசு. இப்படி தனியார் ஆர்டருக்குப் போயிட்டா என்னை சிற்பின்னு சொல்லிக்கலாமா? வெளியூர்லேர்ந்து வந்தவன் செஞ்சது இந்த ஊர்ல பொது இடத்துல நிக்குமா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

முதல்ல ஒண்ணு, ஒர்க் பர்மிட்ல இருக்கீங்கன்னா அந்த யானையை இப்போ தொடாதீங்க. பர்மிட்ல போட்டிருக்கிற முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், லீவு நாள்ல செஞ்சாலும் சட்டப்படி தப்பு, மாட்டினா திரும்ப வரவே முடியாம போயிடும். பெரியவர்கிட்ட நேரா சொல்லிடுங்க.

மத்தபடி தனியார் ஆர்டர்ல என்ன குறைச்சல்? ருடால்ஃபோ நோல்லின்னு ஒரு இத்தாலிக்காரர், மிலான்ல பிறந்தவர், பாங்காக்ல வேலை பார்த்துட்டு 1921ல இங்க வந்தார். உங்களை மாதிரிதான், கல்லு மாதிரி தெரியுற வார்ப்பு, பூச்சு வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. பணக்காரங்க வீட்டுக்கும் செஞ்சார், பேங்குக்கும் செஞ்சார், அதே கையாலதான் 1929ல கட்டி முடிச்ச சிட்டி ஹாலோட தூணுங்களையும் பழைய சுப்ரீம் கோர்ட் நெத்தியில இருக்கிற நீதி சிற்பத்தையும் செஞ்சார். ரெண்டாம் உலகப் போர் வந்தப்ப இத்தாலிக்காரர்ங்கிறதால ஆஸ்திரேலியாவுல கேம்ப்ல அடைச்சு வச்சாங்க, முடிஞ்சதும் திரும்பி வந்து வேலையைப் பார்த்தார். எத்தனையோ பேர் கை அந்தக் கட்டடங்கள்ல பட்டிருக்கு, இவர் பெயர் மட்டும் தங்கினதுக்கு ஒரு காரணம், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோவை அவர் குடும்பம் பத்திரமா வச்சிருந்தது.

அயர்லாந்துலேர்ந்து 1946ல வந்த பிரதர் ஜோசப் மெக்நாலிங்கிற கத்தோலிக்கத் துறவியும் அப்படித்தான், வாத்தியாரா வந்தவர், 1984ல லசால் கலைக்கல்லூரியை ஆரம்பிச்சு அடுத்த வருஷம் சிங்கப்பூர் குடிமகனாவும் ஆகிட்டார், தன்னோட அயர்லாந்து சதுப்புல புதைஞ்சு கிடந்த பழைய மரத்தை இங்க கொண்டாந்து செதுக்கினவர். வெளியூர்க்காரர் வேலை நிக்குமான்னு கேட்டீங்களே, நின்னுகிட்டுதான் இருக்கு.

எனக்கு மனசு கனக்குறது வேற இடத்துல. சின்ன வயசுல அப்பாகூட ஒரு கோயில் திருப்பணி சாரத்துல ஏறியிருக்கேன். ஒருத்தர் கம்பி மேல சிமெண்டை அப்பி விரல் செஞ்சுகிட்டு இருந்தார், சின்னக் கரணை, பக்கத்துல தண்ணி டப்பா, நகத்தை மட்டும் தென்னங்குச்சியால அழுத்தி அழுத்தி எடுத்தார். பொம்மை ஏன் முன்னாடி சாஞ்சிருக்குன்னு கேட்டேன், "கீழேர்ந்து பாக்குறவங்களுக்கு நேரா தெரியணும்ல பாப்பா"ன்னார். சிங்கப்பூர்ல டூரிஸ்ட்டுங்க அதிகமா போட்டோ எடுக்குற சிற்பங்கள்ல மாரியம்மன் கோயில் கோபுரத்துல இருக்கிறதும் கண்டிப்பா உண்டு, ஆனா செஞ்சவங்க பெயர் கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம் நடக்கும், கல்வெட்டுல தலைவர், செயலாளர், நன்கொடை கொடுத்தவங்க எல்லாரும் இருப்பாங்க, அந்த விரல் செஞ்சவர் இருக்க மாட்டார். இது அநியாயம்னுதான் நான் நினைக்கிறேன், கோயில் கமிட்டியில இருக்கிற யாராச்சும் இதைப் படிச்சீங்கன்னா கல்வெட்டுல ஒரு வரி சேருங்க, பெரிய செலவில்ல.

நீங்க ஒண்ணு செய்ங்க தம்பி. எந்த உருவம் நீங்க செஞ்சீங்களோ, கம்பி கட்டுறதுலேர்ந்து வர்ணம் பூசுற வரைக்கும் போட்டோ எடுத்து தேதி, கோபுரத்துல எந்த அடுக்கு, எந்தப் பக்கம், கூட யார் வேலை செஞ்சாங்கன்னு எழுதி வைங்க. நாளைக்கு சொந்தமா வேலை செய்ய விடுற பாஸ்ல வந்தாலும் சரி, பொதுச்சிற்பத்துக்கு விண்ணப்பம் போட்டாலும் சரி, முதல்ல கேக்குறது செஞ்ச வேலையோட படத்தைத்தான்.

ஞாயித்துக்கிழமை தேக்கா, அதான் லிட்டில் இந்தியா, வருவீங்கல்ல, அப்படியே சிட்டி ஹால் எம்ஆர்டி இறங்கி நடங்க, ரெண்டு கட்டடமும் இப்ப நேஷனல் கேலரி, வெளியேர்ந்து பார்க்க காசு வேண்டாம். நீதி சிற்பத்துக்கு நேர் கீழ நின்னு பாருங்க, அப்புறம் எதிர்ல பாடாங் புல்வெளிக்குப் போய் அங்கேர்ந்து பாருங்க. உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சதுன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா