அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசை வெள்ளையர்களின் இசைதானே? கருப்பினத்தவருக்கு அதில் பங்கு உண்டா?

நிறையவே உண்டு. அதன் அடையாளமான பாஞ்சோ என்ற தந்திக் கருவியே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்ததுதான்.

ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் டிஃபோர்ட் பெய்லியைச் சொல்வேன். 1899இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்த கருப்பினக் கலைஞர், சிறுவயதிலேயே போலியோ தாக்கியது. மவுத் ஆர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே வாசித்துக் காட்டுவார். 1927இல் நாஷ்வில் நகர வானொலியின் கன்ட்ரி இசை நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயர் அறிவிப்பாளர் வாயில் வந்ததே அவர் வாசித்த இரவில்தான். ஆனால் சுற்றுப்பயணம் போனால், சக கலைஞர்கள் தங்கும் ஹோட்டலில் இவருக்கு இடம் கிடையாது. 1941இல் பாடல் உரிமைத் தகராறு வந்து, அவருடைய பிரபலமான மெட்டுகளை வானொலியில் வாசிக்க முடியாமல் போனது. புதிய மெட்டுகளைக் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள் (எனக்கென்னவோ அது சாக்காகத்தான் தெரிகிறது). அப்புறம் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசைச் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2005இல்!

லெஸ்லி ரிடில் என்ற கருப்பின இசைக்கலைஞரையும் தேடிப் பாருங்கள். 'கார்ட்டர் குடும்பம்' என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசைக்குழுவின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டு சேகரித்தபோது, கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். கூடவே போய் மெட்டை மனதில் ஏற்றிக்கொண்டு வந்தவர் ரிடில்தான்.