லினக்ஸ் போன் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். கூகுள் இல்லாத லினக்ஸ் போன் ஒன்று வேண்டும் என்கிறான், அதோடு "நீங்களும் அதுக்கே மாறிடுங்க மாமா" என்று தினமும் நச்சரிக்கிறான். எனக்கு மீன் வியாபாரம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கால் வரும். நம்மைப் போன்ற ஆட்களுக்கு அது சரிப்படுமா?
– வாசகர், பாம்பன்

உங்களுக்குச் சரிப்படாது. மருமகனுக்கு, கையில் காசு இருந்தால், வாங்கிக் கொடுங்கள்.

லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளம். அதில் ஓடும் போன்களில் அவன் கேட்பது அநேகமாக பைன்போனாக இருக்கும், இல்லாவிட்டால் லிப்ரெம் 5. பைன்போன் 2020இல் ஆட்கள் கைக்கு வர ஆரம்பித்தது, அப்போது 149 டாலர், 2 ஜிபி ரேம், சிப்போ அதற்கும் ஐந்து வருஷம் பழசு. லிப்ரெம் 5க்கு 2017இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டினார்கள், தொடக்க விலையே 599 டாலர், அதிலும் 3 ஜிபி ரேம்தான். இரண்டும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை அல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. அந்தக் காசுக்கு இங்கே இரண்டு மடங்கு வேகமான ஆண்ட்ராய்டு போன் வரும் என்பது உங்கள் மருமகனுக்கும் தெரியும். அவன் அதற்காகக் கேட்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். விடிகாலை மூன்று மணிக்குப் படகு கரைக்கு வருகிறது, நண்டு எவ்வளவு, கணவாய் எவ்வளவு என்று கால் வருகிறது, நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்த வியாபாரிக்குப் போய்விடும். இந்தப் போன்களில் சிரமமே அங்கேதான். பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று போன் தூங்கிவிடும், டவரோடு பேசும் மோடம் மட்டும் விழித்திருக்கும், கால் வந்ததும் மோடம் போய் மெயின் சிப்பை எழுப்ப வேண்டும், அது எழுந்து திரையை எழுப்பி, அப்புறம் ரிங்டோனைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். மற்ற போன்களிலும் இப்படித்தான் நடக்கிறது, ஆனால் அங்கே பல வருஷம் உட்கார்ந்து அதைச் சீராக்கியிருக்கிறார்கள். இங்கே அதைச் சீராக்குபவர்களில் பலர் வேலை முடிந்து வந்து ராத்திரியில் சும்மா செய்து கொடுப்பவர்கள்.

நானே ஒரு பழைய போனில் லினக்ஸ் ஏற்றி இரண்டு மாதம் அதையே மெயின் போனாக வைத்திருந்தேன், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய என் அக்கா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. அவரே ஆட்டோ பிடித்து வந்து, வாசலில் நின்று என்னைத் திட்ட ஆரம்பித்த பிறகு மூன்று மிஸ்டு காலும் ஒன்றாக வந்து விழுந்தன. அன்றைக்குச் சாயங்காலமே சிம்மை எடுத்துப் பழையபடி ஆண்ட்ராய்டில் போட்டுவிட்டேன்.

இன்னொன்று, உங்களிடம் என்ன சிம் இருக்கிறது என்று எழுதவில்லை. ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது, பேச்சு முழுக்க 4ஜி வழியாகத்தான், அதாவது வோல்ட்டி இருந்தே ஆக வேண்டும். லினக்ஸ் ஏற்றிய பல போன்களில் வோல்ட்டி ஒழுங்காக அமைவதில்லை. அப்படி அமையாவிட்டால் இன்டர்நெட் ஓடும், கால் மட்டும் வராது, நீங்களும் டவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 2ஜி இன்னும் ஓடுகிற நெட்வொர்க்கில் கால் அதற்கு இறங்கிப் போய்விடும், அங்கே தப்பிக்கலாம்.

அப்புறம் யுபிஐ. பணம் வாங்க உங்களுக்குப் போனே தேவையில்லை, ஐஸ் பெட்டியில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும். கொடுக்கத்தான் போன் வேண்டும், அந்தச் செயலிகளைப் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்தான் செய்கிறார்கள். வேட்ராய்டு என்று ஒன்று இருக்கிறது, லினக்ஸுக்குள்ளேயே ஒரு குட்டி ஆண்ட்ராய்டை ஓட்டும், சில செயலிகள் அதில் நன்றாகவே ஓடுகின்றன. பேங்க் செயலி வேறு ரகம். உங்கள் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி இது உங்கள் நம்பர்தானா என்று பார்க்கும், போனின் மென்பொருளில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கும், சந்தேகம் வந்தால் கதவைச் சாத்திவிடும். படகுக்காரருக்கு முன்பணம் போட முடியாத போனை வைத்து நீங்கள் என்ன வியாபாரம் செய்வீர்கள்?

மருமகன் கதை வேறு. அவனுக்கு அது போன் அல்ல, பைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர். டிவியோடும் கீபோர்டோடும் இணைத்தால் டெஸ்க்டாப் மாதிரியே வேலை செய்யும், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், உபுண்டு டச், மோபியன் என்று போனுக்கான லினக்ஸ் வகைகளை விதவிதமாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம், நிரல் பெரும்பாலும் திறந்தே கிடப்பதால் தப்பு எங்கே என்று தேடி அவனே திருத்தலாம். வகுப்பில் உட்கார்ந்து இதைப் படிக்க முடியாது. பைன்போனின் பின்மூடியை நகத்தால் கழற்றினால் உள்ளே ஆறு குட்டி சுவிட்ச் இருக்கும்: மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமரா, ஹெட்போன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கலாம். பேட்டரி பழைய சாம்சங் ஜே7 அளவு, கையாலேயே கழற்றி மாட்டலாம். எனக்கு அந்தப் போனில் ரொம்பப் பிடித்தது இந்தப் பேட்டரிதான். ஆனால் தண்ணீர் புகாத பாதுகாப்பு எதுவும் இல்லை, நம் உப்புக் காற்றில் சார்ஜ் போடும் ஓட்டை பச்சை பிடிப்பது உங்களுக்கே தெரியும், லீவுக்குப் பாம்பன் வரும்போது பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தான் என்கிறார்களே, அப்புறம் எதற்கு லினக்ஸ் போன் என்று தனியாக ஒன்று?
– வாசகர், மண்டபம்

இன்ஜின் ஒன்றுதான், படகு வேறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஆரம்பித்த லினக்ஸ் கெர்னல், அதாவது மற்ற மென்பொருளுக்கெல்லாம் அடியில் நின்று சிப்பையும் ரேமையும் ஓட்டும் மையப் பகுதிதான் ஆண்ட்ராய்டின் அடியிலும் இருக்கிறது, 2017இல் வந்த ஜியோபோனிலும் அதுதான். மேலே கட்டியிருப்பதை யார் கட்டினார்கள், நீங்கள் பிரித்துக் கட்ட முடியுமா என்பதில்தான் வித்தியாசம்.

எதைப் பற்றி வீட்டில் பேசினாலும் அதே சாமான் போனில் விளம்பரமாக வருகிறது. பயமாக இருக்கிறது. இவர் சவூதியில் இருக்கிறார், பிள்ளைகள் வாப்பாவோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேச வேண்டும். வேவு பார்க்காத லினக்ஸ் போனுக்கு மாறலாமா?
– வாசகி, கீழக்கரை

மாற வேண்டாம் தங்கச்சி. வாட்ஸ்அப் கணக்கை ஒரு ஆண்ட்ராய்டிலோ ஐபோனிலோதான் திறக்க வேண்டும். லினக்ஸ் போனின் பிரவுசரில் வாட்ஸ்அப் வெப் ஓடும், ஆனால் அது அந்த முதல் போனோடு இணைந்த துணைதான், முதல் போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் இணைப்பும் போய்விடும். ஆக இரண்டு போனையும் நீங்களே சுமக்க வேண்டும்.

விளம்பரம் வருவதற்கு யாரும் உங்கள் பேச்சை ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் தேடியது, போன இடம், வீட்டு வைஃபையில் பிள்ளைகள் பார்த்தது, இதெல்லாம் சேர்ந்தாலே போதும். இருக்கும் போனிலேயே செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் விளம்பர ஐடியை அழியுங்கள். எந்தெந்தச் செயலிக்கு மைக்கும் இருப்பிடமும் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், டார்ச் லைட் செயலிக்கு உங்கள் காண்டாக்ட் எதற்கு? பாதியைப் பிடுங்கிவிடலாம். வீடியோ பார்க்க விஎல்சி, மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ், பிரவுசருக்கு ஃபயர்பாக்ஸ் என்று திறந்த மூலச் செயலிகளுக்கு (நிரலை யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருப்பவை) ஒவ்வொன்றாக மாறுங்கள். வாட்ஸ்அப் இருக்கட்டும், வாப்பா முகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா.

கடலில் ஜிபிஎஸ்ஸுக்கு லினக்ஸ் போன் உதவுமா? ஓப்பன்சிபிஎன் அதில் ஓடும் என்று ஒரு தம்பி சொன்னார்.
– விசைப்படகு ஓட்டுநர், ராமேஸ்வரம்

ஓடும். ஓப்பன்சிபிஎன் கடல் வரைபடத்துக்கான திறந்த மூல மென்பொருள், நல்ல சாமான், லினக்ஸ் அதன் சொந்த வீடு மாதிரி. வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பழகுங்கள். ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான், அதற்குள் இலங்கை எல்லைக் கோடு ஓடுகிறது, அங்கே இடம் தெரியப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும் போனை நம்பிப் போகாதீர்கள். இன்டர்நெட் உதவி இல்லாத நடுக்கடலில் இந்தப் போன்கள் முதல் தடவை செயற்கைக்கோளைப் பிடிக்க ரொம்பத் திணறும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலியும் ஆண்ட்ராய்டில் ஓடுவதுதான். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியையும் வயர்லெஸ்ஸையும் எந்தப் போனுக்காகவும் கழற்றாதீர்கள். ரோமிங்கையும் அணைத்து வையுங்கள், அந்தப் பக்கம் போனால் இலங்கை டவர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய போக்கோ எஃப்1 சும்மா கிடக்கிறது. அதில் லினக்ஸ் ஏற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், தொண்டி

தாராளமாக. 2018இல் வந்த அந்த மாடலும் ஒன்பிளஸ் 6ம் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆட்களுக்குச் செல்லப்பிள்ளைகள். உங்கள் போனில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அவர்களுடைய விக்கி இணையதளத்தில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள், கேமராவுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். மெயின் சிம்மைப் போடாமல் வைஃபையில் மட்டும் ஓட்டுங்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தானே நிற்கும், அப்போது உட்காருங்கள், பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. வேறு இயங்குதளம் ஏற்ற போனின் பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்க வேண்டும், திறந்ததும் போனில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், அதற்கு முன்னால் கல்யாணப் போட்டோ எதுவும் அதில் கிடக்கிறதா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.