வண்டி இல்லாத நாட்களில் ஆக்டிங் லாரி ஓட்டுநரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

உங்கள் தம்பி ஒரே முதலாளியிடம் ஓட்டிவந்த லாரியை விட்டுவிட்டு ஆக்டிங் போக நினைக்கிறார், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைப்பட்ட நாட்கள் அவருக்கு எப்படிக் கழியும் என்பது உங்கள் கேள்வி. நான் சங்ககிரியைச் சேர்ந்தவன். 11 ஆண்டுகள் ஒரே வண்டியில் வடநாட்டு லைன் ஓடிவிட்டு, கடந்த 6 ஆண்டுகளாக ஆக்டிங் போகிறேன்.

தொழிலை அறியாதவர்களுக்காக ஒரு சொல். நிரந்தர ஓட்டுநர் ஊர் நோம்பிக்கோ, வீட்டுக் காரியத்துக்கோ, உடம்பு முடியாமலோ இறங்கிக்கொள்ளும்போது, அந்த நடைக்கு மட்டும் அவருடைய இடத்தில் ஏறி ஓட்டுபவரைத்தான் ஆக்டிங் டிரைவர் என்கிறோம். ஆகையால் ஊருக்கெல்லாம் பண்டிகை வரும்போது எங்களுக்கு வண்டி கிடைக்கும். தீபாவளி, பொங்கல், மாரியம்மன் நோம்பிகள், கார்த்திகையில் பலரும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் புறப்படும் நாட்கள் ஆகியவற்றில் ஒரே இரவில் மூன்று முதலாளிகள் அழைப்பார்கள். தை பிறந்து பத்து நாள் ஆனதும் அவரவர் வண்டிக்கு அவரவர் திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் கைபேசி ஒலிக்காமலே கிடப்பதும் உண்டு.

இந்த இடைவெளியை விடுமுறை என்று எண்ணித்தான் புதிதாக வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நான் வீட்டில் இருக்கும் நாளிலும் காலை ஆறரை மணிக்குக் குளித்து, சவரம் செய்துகொண்டு, நெடுஞ்சாலையோரத்து டீக்கடைக்குப் போய்விடுவேன். அங்கிருந்து லாரிகளுக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ், பிறகு டயர் கடை, பிறகு லாரிப் பட்டறை என்று ஒரு சுற்று வருவேன். வேலை கேட்டு யாரிடமும் நிற்பதில்லை. எந்த வண்டி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக நிற்கிறது, எந்த ஓட்டுநர் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். கண்ணில் படுகிறவனைத்தான் முதலாளிக்கு நினைவு வரும். நான்கு நாள் காணாமல் இருந்தால், "அண்ணன் வேற வண்டி ஏறிட்டாராட்டம் இருக்குது" என்று முடிவுகட்டி அடுத்தவரை அழைத்துவிடுவார்கள்.

தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பத்து நாள் இரவு ஓட்டம் ஓடிவிட்டு வந்தவனுக்கு வீட்டில் முதல் மூன்று இரவுகள் கண் மூடாது. வழக்கமாக வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கும் அந்த மூன்று மணிக்குச் சரியாக விழிப்பு வந்துவிடும். பகலில் படுத்தால் குக்கர் விசில், தெருவில் கோலமாவு விற்பவரின் குரல், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம். ஒருவழியாக உடம்பு வீட்டு நேரத்துக்குப் பழகிவரும் நாளில்தான், "அண்ணா, விஜயவாடாவுக்கு வண்டி ஒண்ணு இருக்குது, போறீங்களா?" என்று அழைப்பு வரும்.

பணத்தட்டுப்பாட்டைக் காட்டிலும் எனக்குக் கடினமாக இருப்பது, யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாமல் இருப்பதுதான். ஒன்பதாவது படிக்கும் என் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று சொன்னால், "வண்டி வரலைன்னா வர்றேன், கண்ணு" என்பதுதான் என் பதில். அவள் இப்போது கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மச்சான் வீட்டு விருந்தானாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் தூரத்துக்குமேல் போவதில்லை. எந்நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் மதுவைத் தொடுவதில்லை.

எந்நேரமும் தயாராக நிற்கும் பை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும். இரண்டு லுங்கி, துண்டு, போர்வை, டார்ச், வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பிளாஸ்டிக் உறையில் லைசென்ஸ் ஆகியவற்றோடு முழங்கை நீளத்தில் ஓர் இரும்புக் கம்பியும் அதில் இருக்கும். அந்தக் கம்பி டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு. காற்று நிறைந்த டயரில் பட்டால் கம்பி கணீரென்று குதிக்கும். இரட்டை டயரில் உட்புறத்து டயர் இறங்கியிருந்தால் சத்தம் மொத்தென்று விழும். அடுத்தவர் வண்டியில் ஏறும் முன்னால் நான் நம்புவது முதலில் அந்தச் சத்தத்தைத்தான்.

ஒருமுறை பெல்லாரிப் பக்கமிருந்து கோவைக்கு இரும்பு ஏற்றிவந்த லாரி கிருஷ்ணகிரியில் நின்றுவிட்டது. ஓட்டுநரின் தந்தை இறந்த செய்தி வழியில் வந்திருந்தது. சரக்கோடு வைத்திருக்க வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றுதான் கெடு என்பதால் வண்டியை நிறுத்திவைக்க வழியில்லை. இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. பேருந்து ஏறி நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். சாவியைக் கொடுத்த அந்தத் தம்பி அழுதுகொண்டே, "கிளட்ச் கொஞ்சம் மேல புடிக்கும், இடப்பக்கம் பிரேக் முன்னால புடிக்கும், பார்த்துக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினார். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதை நான் மறக்கவில்லை. தருமபுரியைத் தாண்டினால் தொப்பூர் இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை உருட்டிப் பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள் அங்கே பல. கண்டறியாத வண்டி, முழு லோடு. இறக்கத்துக்கு வெகு முன்பே பிரேக்கை இருமுறை சோதித்து, சின்ன கியரில் ஊர்ந்து இறங்கினேன்.

கூலிக் கணக்கு முதலாளிக்கு முதலாளி மாறும். எனக்குக் கடைசி நடையில் நாளுக்கு 1,200 ரூபாயும் சாப்பாட்டுப் படியும் கிடைத்தன. வாய்ப்பேச்சாகவே எல்லாம் நடப்பதால் தகராறுக்கும் இடமுண்டு. ஒரு முதலாளி, இறக்குமிடத்தில் வண்டி மூன்று நாள் காத்துநின்றதற்குப் சரக்குக்காரரிடம் ஹால்டிங் என்னும் காத்திருப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, "சும்மாதானே படுத்திருந்தீங்க" என்று எனக்கு அந்த நாட்களின் கூலியைத் தர மறுத்தார். சரக்கையும் டீசலையும் இரவு பகலாகக் காத்தவனைப் பார்த்து அப்படிச் சொன்னது இன்றும் எனக்கு ஆறவில்லை. நிற்கும் நாளுக்கு என்ன கூலி என்பதை இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

உங்கள் தம்பிக்கு வருகிறேன். ஒரு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் அவர் இப்போதைய வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையில் பணமில்லாதவன், பிரேக் சரியில்லாத வண்டியிலும் ஏறிவிடுவான். இடைப்பட்ட நாட்களைப் பயன்படுத்தி அவர் அபாயகரமான பொருள்களை ஏற்றும் வண்டிக்கான ஹசார்டஸ் பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். மூன்று நாள் வகுப்புதான். நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர்கள் மிகுதி என்பதால் அந்தத் தகுதி உள்ளவர் வெறுமனே இருக்கும் நாட்கள் குறைவு. லைசென்ஸ் முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கனரக லைசென்ஸுக்கு 5 ஆண்டுக் கெடு. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. முதலாளி பி.எஃப். பிடிக்காத எங்களைப் போன்றவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி கேட்க அதுவே வழி. பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் எங்கள் டீக்கடையிலேயே பலர் இருக்கிறார்கள்.

சிறு நோட்டு ஒன்றும் அவர் வைத்துக்கொள்ளட்டும். எந்த வண்டி, ஏறிய நாள், இறங்கிய நாள், நின்ற நாள், வாங்கிய பணம், ஏறும்போது வண்டியில் இருந்த குறை ஆகியவற்றை நான் 6 ஆண்டுகளாக எழுதிவருகிறேன். தார்ப்பாயும் கயிறும் எத்தனை என்பதைக்கூட ஏறும்போதே எண்ணி எழுதி, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.